முதல் போத்தலில் ஒரு குன்றிமணி

மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்த வருடம், மலாக்காவின் காஜா பேராங்கில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரர் இருந்தார். வெள்ளைப் பனியன், நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி, மிளகு மணக்கும் விரல்கள். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளையில்லை. உறவுக்காரர்கள் ஓரிதழ் தாமரைப் பொடியை இருவரும் பாலில் கலந்து குடிக்கச் சொன்னார்கள். ஒற்றை ஊதா இதழோடு தரையோரம் பூக்கும் காட்டுச் செடி அது. வெட்கப்பட்டு என் கணவர் சைக்கிளோடு வெளியே நின்றுகொண்டார். நான்தான் உள்ளே போனேன்.

"இந்த மருந்து நெசமாவே கேக்குமாண்ணே?"

அவர் மேசையில் இருந்த இரண்டு போத்தல்களைக் காட்டினார். ஒரு பொட்டலம் விற்றால் முதல் போத்தலில் ஒரு குன்றிமணி போடுவாராம். வாங்கியவர் திரும்பி வந்து என்ன ஆனதென்று சொன்னால், அதிலிருந்து ஒன்றை எடுத்து இரண்டாவதில் போடுவாராம். முதல் போத்தல் கழுத்துவரை நிறைந்திருந்தது.

"வந்தவங்க எல்லாரும் நல்லாயிருச்சுன்னுதான் சொன்னாங்க, தங்கச்சி. பலன் கெடைக்காதவங்க வர்றதே இல்ல. அப்புறம் எதை வச்சு நான் அடிச்சுச் சொல்றது? உண்டாயிட்டா ஒடனே நிறுத்திருங்க. வயித்துப் புள்ளைக்கு ஆகுமா ஆகாதான்னு எனக்குத் தெரியாது. புள்ள பொறந்தாலும் வந்து சொல்லுங்க, பொறக்காட்டியும் வந்து சொல்லுங்க."

"கட்டாயம் வர்றேண்ணே" என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

பிள்ளை பிறக்கவில்லை. அதன்பின் அந்தக் கடை வந்தாலே எதிர்ப்பக்கமாக நடந்தேன். ஒருநாள் அவர் கண்ணாடியை உயர்த்தி என்னைப் பார்த்தார். நான் குடையைச் சாய்த்துக்கொண்டேன்.

அவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. எனக்காகப் போட்ட குன்றிமணி கடைசிவரை முதல் போத்தலிலேயே கிடந்தது.