கொக்கி பிடிக்காத பக்கம்

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் என் கணவர் கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையே வாடகைக் கார் ஓட்டினார். கிழக்கிலங்கையின் கடலோரப் பாதை. உப்புக்காற்று காரைக் கீழிருந்து தின்றுகொண்டே இருந்தது. ஒருநாள் பின் ஆசனத்தில் இருந்தவரின் கால், தரைத் தகட்டைப் பொத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிவிட்டது. நல்லவேளை, கார் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அன்றோடு ஓட்டம் நின்றது.

"படுத்துக் கிடந்து சுரண்டினா துரு கண்ணுக்குள்ள கொட்டும். கார்க் கூட்டப் புரட்டி வச்சா நிண்டுகொண்டே வேல செய்யலாம்" என்றார் கணவர். அவரும், காக்கா என்று நான் கூப்பிடும் என் அண்ணனும் எஞ்சினையும் சக்கரங்களையும் கழற்றினார்கள். எங்கள் மருதமுனை வீட்டு வளவின் மணலில், கவையுள்ள இரண்டு பாலைமரக் கட்டைகளை ஆழமாக நட்டார்கள். கூட்டின் முன்னும் பின்னும் இரும்புக் குழாய்த் துண்டுகளை முடுக்கி, அயலவர்களையும் கூப்பிட்டு, அதைக் கவைகளில் தூக்கி வைத்தார்கள்.

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த மீன்காரர், "என்ன மச்சான், காருக்கு ஊஞ்சல் கட்டுறயா?" என்றார்.

"ஓம், நீயும் ஏறிக்க. ஆட்டி உடுறன்" என்றார் காக்கா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றடித்தால்கூட அந்தக் கூடு முனகியது. உள்பக்கத் தகட்டைத் தட்ட அதற்குக் கீழே குந்தப்போகிறவர் என் கணவர். பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. நான் அப்போதும் அதிகம் கதைக்காதவள்.

கூட்டை எந்தச் சரிவிலும் நிறுத்தி வைக்க அவர்கள் கண்ட வழி தறியிலிருந்து வந்தது. எங்கள் இரு குடும்பங்களும் நெசவுக் குடும்பங்கள். நெய்த துணி சுற்றும் உருளையின் ஓரத்தில் ஒரு பற்சக்கரம் உண்டு. முன்னுக்குச் சுற்றினால் கொக்கி 'டக்' என்று அடுத்த பல்லில் விழும். பிறகு பின்னுக்குப் போகாது. அதே போலப் பெரிதாக ஒன்றைக் கொல்லனிடம் அடிப்பித்து, கூட்டைச் சுற்ற ஒரு கைப்பிடியோடு குழாயின் முனையில் பொருத்தினார்கள்.

"தறியில இழுக்கிற இழுவைக்கே அசையாது. இது எங்க அசையப்போகுது?" என்றார் கணவர். நானும் அதை நம்பப் பார்த்தேன்.

தறியில் நூல் எப்போதும் ஒரே பக்கம்தான் இழுக்கும். கார் அப்படியல்ல. பாரமான பக்கம் உச்சியைத் தாண்டிவிட்டால், மறுபக்கம் விழப்பார்க்கும். அந்தப் பக்கம் கொக்கி தடுக்காது. இது அன்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை காக்கா ஆணி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். கவிழ்ந்து நின்ற கூட்டுக்குக் கீழே குந்தியிருந்து கணவர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். தென்னோலைக் கிடுகு மறைப்புக்கு இந்தப் பக்கம் நான் தறியில் இருந்தேன். நூல் ஒன்று அறுந்ததால் கையை எடுத்துவிட்டு முடிச்சுப் போட்டேன்.

'டக்' என்றது.

என் தறி நின்றிருந்தது. கூட்டின் கைப்பிடியைச் சுற்றவும் அங்கே ஆள் இல்லை. இன்னொரு 'டக்'.

தலையில் முக்காடு இருந்ததா என்று தெரியாது. ஓடினேன். "வெளிய வாங்க!" என்று கத்தினேன். சுத்தியல் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு கைகளாலும் அவருடைய காலைப் பிடித்து இழுத்தேன். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரன் என் கையோடு வந்தது, பிறகு அவரும் வந்தார். பற்கள் மளமளவென்று ஓட, கூடு புரண்டு வந்து விளிம்பால் மணலை அறைந்தது. சுத்தியல் அதற்கடியில் கிடந்தது.

அவர் மணலில் இருந்தபடியே சாரனை இழுத்துக் கட்டிக்கொண்டார். பிறகு, "மறுபக்கத்துக்கும் ஒரு கொக்கி போட்டாச் சரி, புள்ள" என்றார். அவர் மீண்டும் கீழே போவார் என்பது எனக்கு விளங்கியது. கார் ஓடாவிட்டால் அவருக்கு வேறு வருமானம் இல்லை.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படும். அதுவரை நான் அதை வாயால் சொன்னதில்லை.

"இது எண்ட ஊடு, எண்ட வளவு" என்றேன். "கொக்கிய நம்பி இனி ஒருத்தரும் கீழ போகக் கூடா. கூட்ட ரெண்டு பக்கமும் தென்னையில கயிறால இழுத்துக் கட்டுங்க. இல்லாட்டி இந்தக் கார் இங்க நிக்கக் கூடா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கடையிலிருந்து அப்போதுதான் திரும்பிய காக்காவிடம், "மச்சான், தோணிக்காரர்ட்டப் போய்க் கயிறு வாங்கிட்டு வா. நல்ல தடிச்ச கயிறா" என்றார்.