படர்தாமரைக்கு ஒரு சான்றிதழ்

நான் வேலை பார்க்கும் காரைக்கால் லேபுக்குத் திருவேட்டக்குடி மீன்கார அக்கா இன்று மூன்றாம் முறையாக வந்தார். முன்கையில் வட்டமாக ஒரு தடிப்பு. பூஞ்சையா என்று பார்க்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார்.

முதல் தடவை மெடிக்கல் ஷாப் களிம்பைப் பூசிக்கொண்டு வந்தார். தோலைச் சுரண்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. "ரெண்டு வாரம் எதையும் பூசாம வாங்க" என்று அனுப்பினேன்.

இரண்டாம் தடவை மஞ்சள் பூசி வந்தார். "இது மருந்து இல்லையேம்மா" என்றார். மறுபடியும் திருப்பி அனுப்பினேன்.

இன்றுதான் கை சுத்தமாக இருந்தது. வட்டத்தின் ஓரத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நூல் நூலாகப் பூஞ்சை. படர்தாமரையேதான்.

"சரியாப் போயிடும்க்கா. சொன்னாக் கேக்காம ஏன் கண்டதையும் பூசினீங்க?"

"குஷ்டம்னு யாரோ கெளப்பி விட்டுட்டாங்கம்மா. ஒரு மாசமா கோட்டுச்சேரியில எங்கிட்ட யாரும் மீன் வாங்கல. சீக்கிரம் மறையணும்னுதான் பூசினேன்."

அவர்மேல் இருந்த எரிச்சல் அப்படியே ஊர்மேல் திரும்பியது.

ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். "இங்கிலீஷ்ல இருந்தா யாரு படிப்பா? தமிழ்ல எழுதி சீல் வச்சுக் குடுங்க."

டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "இது குஷ்டம் இல்லை" என்று பெரிய எழுத்தில் எழுதி சீல் வைத்தார்.

"ஊரே பாக்கற மாதிரி ஒங்க கம்ப்யூட்டர்லயும் போட்டு விடுங்கம்மா" என்றார் அக்கா.

போட்டாயிற்று. கோட்டுச்சேரி நண்பர்களே, கிளப்பியது யாரென்று கேட்கமாட்டேன். நாளைக்கு அவரிடம் முதலில் மீன் வாங்கப்போவது யார் என்று மட்டும் சொல்லுங்கள்.