மட்டையோடு ஓடியவன்

மெல்பேர்னுக்குப் பக்கத்தில் டண்டினொங்கில் தகர மூடி அடிக்கிற தொழிற்சாலை ஒன்றில் மகேந்திரராஜா என்னோடு வேலை செய்தான். 1977 ஏப்ரல் தொடக்கத்தில் சேர்ந்தான். அந்தப் பக்கத்தில் அப்போது எங்கள் ஆட்களை, இலங்கைத் தமிழரை, ஒரு கை விரலால் எண்ணலாம். ஆகவே அவனுக்கு இடம் கொடுப்பது என் தலையில் விழுந்தது. என் வீட்டுப் பின்னறையில் இருந்தான். சமைக்கத் தெரியாது, கோப்பை கழுவுவான். வெள்ளைக்காரருக்கு அவன் பெயர் வாயில் நுழையாது. மேக் என்று கூப்பிட்டார்கள். நான் கணேசலிங்கம், எனக்கு லிங்.

மனைவி விமலாதேவியையும் ஒன்றரை வயது மகளையும் கொழும்பில் விட்டுவிட்டு வந்திருந்தான். அவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால், இவனுக்கு வேலை நிரந்தரம் என்று தொழிற்சாலை ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். ஃபோர்மன் டொயில் முதல் நாளே சொல்லிவிட்டார்: ஆறு மாதம் ஒழுங்காக வேலை செய், கடிதம் தருகிறேன். அதற்குள் ஒரு குறை கண்டால் வாசலைப் பார். டொயில் சிரித்து நான் பார்த்ததில்லை. சொன்ன சொல்லை மாற்றியும் பார்த்ததில்லை.

மகேந்திரராஜாவுக்கு ஒரு விசர் இருந்தது. பேஸ்போல். சின்ன வயதில் மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் அமெரிக்கச் சித்திரக்கதைகளும் சஞ்சிகைகளும் வாங்கி வாங்கிப் படித்து, அந்த விளையாட்டின் சட்டம் முழுவதும் பாடம். ஆட்டக்காரன் எவன் எங்கே நிற்பான், எப்போது ஓடுவான் எல்லாம் சொல்லுவான். ஆனால் ஒரு ஆட்டத்தையும் கண்ணால் கண்டதில்லை. விளையாடியது கிரிக்கெற். பள்ளிக்கூட அணியில் முதலாவதாக இறங்கி ஆடுகிறவன். மெல்பேர்னுக்கு வந்து, என் வீட்டுக் கறுப்பு வெள்ளை ரீவியில் ஏதோ அமெரிக்கத் தொடரில் பேஸ்போல் வந்தபோது கதிரையை விட்டு எழும்பி நின்றுகொண்டே பார்த்தான்.

"இரன்ரா. ஆர் உன்னைக் கூப்பிட்டது?" என்றேன்.

"அண்ணை, இந்தச் சத்தத்தைக் கேட்டனீங்களே? பந்து படுற சத்தம். புத்தகத்தில இது இல்லை."

ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துப் பூங்காவில் ஒரு கிளப் பேஸ்போல் பயிற்சி செய்யும். இவன் கம்பிவேலிக்கு வெளியே நிற்பான். மூன்றாவது கிழமை உள்ளே கூப்பிட்டு மட்டையைக் கையில் கொடுத்தார்கள். பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினான். அதிலிருந்து வந்ததுதான் எல்லா வினையும்.

ஜூன் மாதம் அந்தக் கிளப்புக்கு விளம்பரம் எடுக்கிற ஆட்கள் வந்தார்கள். சுவிங்கம் விளம்பரம். அமெரிக்க அணி மாதிரிக் காட்ட வேண்டும், அதற்கு ஒரு கறுத்த முகமாவது இருக்க வேண்டுமாம். கிளப்பில் எல்லாரும் வெள்ளை. இவனைப் பிடித்துக்கொண்டார்கள். படப்பிடிப்பு புதன்கிழமை. வேலை நாள்.

"ஒரு நாள்தானே அண்ணை. வயித்துக்குத்து எண்டு சொல்லிவிடுங்கோ."

"கடிதம் வாங்கிப்போட்டு எந்த மட்டையை வேணுமெண்டாலும் தூக்கு. இப்ப என்ன அவசரம்?"

"இது நியூசிலாந்துக்கு மட்டும் போற விளம்பரம். இஞ்ச ஒருத்தரும் பாக்கமாட்டினம்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"அவையள்தான்."

நான் பேசாமல் விட்டேன். அது என் பிழை. புதன் காலை டொயிலிடம் போய் மேக்குக்குச் சுகமில்லை என்றேன். சரி என்றார். ஒரு நாள் சுகவீனத்துக்கு டொக்டரின் துண்டு கேட்கமாட்டார்கள். இரண்டாம் நாளும் வராமல் நின்றால் கேட்பார்கள்.

அன்று பொழுதுபடுகிற நேரத்தில் வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. நடந்தது இதுதான். பந்தை நன்றாக அடித்திருக்கிறான். அடித்துவிட்டு மட்டையோடு ஓடியிருக்கிறான். பேஸ்போலில் அடித்த கையோடு மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். கிரிக்கெற்றில் மட்டையைக் கொண்டுதான் ஓட வேண்டும். ஓடி, கோட்டுக்குள் மட்டையை நீட்டினால்தான் தப்பலாம். இவனுக்குப் பேஸ்போல் சட்டம் தலையில் இருந்தது, கைக்கு அது தெரியாது. படம் எடுக்கிறவன் "போடு, போடு" என்று கத்தக் கத்த, இருபது முறைக்கு மேல் மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். வெளிச்சம் போய்விட்டது. நாளைக்கும் வா என்று விட்டார்கள்.

"நாளைக்குப் போகாதை," என்றேன்.

"போகாட்டி இண்டைக்கு எடுத்ததெல்லாம் வீண் அண்ணை. அத்தினை பேர் நிண்டவை."

போனான். அன்றும் கை விடவில்லை. கடைசியில் இவன் அடிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓடுவதற்கு வேறொருவனைப் பிடித்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை டொயில் எங்கள் மெஷினடிக்கு வந்து நின்றார். "டொக்டரின் துண்டு எங்கே, மேக்?"

நான் முந்திக்கொண்டேன். "டொக்டரிட்டப் போக ஏலாமல் கிடந்தவன். இரவு முழுக்கச் சத்தி எடுத்தவன். என்ர வீட்டிலதான், நான் பார்த்தனான்."

டொயில் என்னை நெடுநேரம் பார்த்தார். "நீ பார்த்தாய்."

"ஓம், பார்த்தன்."

"இந்த ஒரு முறை," என்று சொல்லிப் போனார்.

ஓகஸ்ட்டில் கொழும்பில் கலவரம் வந்து எங்கள் ஆட்களுக்கு அடி விழத் தொடங்கியது. பதினொரு நாள் ஒரு சேதியும் இல்லை. பிறகு விமலாதேவியின் கடிதம் வந்தது. பிள்ளையோடு பள்ளிக்கூடத்து அகதி முகாமில் இருந்து, கப்பலில் வடக்கே காங்கேசன்துறைக்குப் போய், மாமன் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறாள். மகேந்திரராஜா அதற்குப் பிறகு நாட்காட்டியைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. ஒக்ரோபர் மூன்று, திங்கட்கிழமை. அன்றைக்கு ஆறு மாதம். கடிதம் அன்றைக்கு என்று டொயிலும் சொல்லிவிட்டார்.

செப்ரெம்பர் நடுப்பகுதியில் கிளப் ஆள் ஒருவன் இவனைக் கடைத்தெருவில் கண்டு முதுகில் தட்டியிருக்கிறான். உன் விளம்பரம் ஃபுற்போல் இறுதி ஆட்டத்தன்று இங்கேயே வரப்போகிறது, நாடு முழுக்கப் பார்க்கும் என்று. நியூசிலாந்துக் கதை என்ன ஆனதோ தெரியாது.

அந்த வருடம் இறுதி ஆட்டத்தை ரீவியில் நேரே காட்டினார்கள். எங்களுக்கு அந்தச் சனிக்கிழமை ஓவர்டைம். ஆட்கள் வராமல் விட்டுவிடுவார்கள் என்று டொயில் தன் வீட்டு ரீவியைக் கொண்டுவந்து கன்ரீனில் வைத்தார். கலர் ரீவி.

"நான் பிளக்குக்குப் பக்கத்தில நிக்கிறன்," என்றேன். "உன்ர மூஞ்சை வந்தால் இழுத்துவிடுறன். கால் தடக்கினது எண்டு சொல்லலாம்."

நின்றேன். இந்த ஊர் ஃபுற்போலில் மூன்று இடைவேளை. முதலாவதில் கார் விளம்பரம், சவர்க்கார விளம்பரம். நடு இடைவேளையில் பியர். ஒவ்வொன்றும் முடிந்து அடுத்தது தொடங்கும்போது கையைப் பிளக்கில் வைத்தேன். மகேந்திரராஜா சுவரோடு ஒட்டி நின்றான். மூன்றாம் இடைவேளையிலும் வரவில்லை. தப்பினோம் என்று நினைத்தேன். பார்த்தால் ஆட்டம் இரண்டு பக்கமும் சமன். அடுத்த சனிக்கிழமை திரும்ப விளையாடுவார்களாம். கன்ரீனில் ஒருவன் தொப்பியைத் தூக்கி எறிந்தான். நானும் மகேந்திரராஜாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஒக்ரோபர் முதலாம் திகதி. அதே கன்ரீன், அதே ரீவி. டொயிலின் அணி தோற்றுக்கொண்டிருந்தது. அவர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். மூன்றாம் இடைவேளை. முதலில் ஏதோ பிஸ்கட். அடுத்தது பச்சைப் புல், வெள்ளை உடுப்பு, தொப்பி. பிளக்கைப் பிடித்தேன்.

இழுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன். திரை முழுக்க அவன் முகம். வாயில் சுவிங்கம். பந்து வருகிறது. இடுப்பைத் திருப்பி ஒரு அடி. அந்தச் சத்தம். எங்கள் ஆள் ஒருவனை ரீவியில் நான் அதுவரை கண்டதில்லை. பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அடுத்த படத்தில் ஓடுகிறவனுக்குப் பிடரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"மேக்!" என்று யாரோ கத்தினான். "அது நம்ம மேக் அல்லவா!" கன்ரீன் முழுக்க மேசையில் தட்டியது. "ஓடும்போது ஏன் வெளுத்துப்போனாய்?" என்று ஒரு கிரேக்கன் கேட்டான். அதற்கும் சிரிப்பு.

டொயில் எழும்பிப் போய் ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். எல்லாரும் அடங்கினார்கள். "எப்போது எடுத்தது அது?"

நான் முந்தினேன். "அது இவனில்லை. எங்கட ஆக்கள் எல்லாரும் உங்களுக்கு ஒரே மாதிரித்தானே. ஓடினதைப் பார்த்தனீங்கள்தானே, அவன் வெள்ளைக்காரன்."

டொயில் என்னைப் பார்க்கவில்லை. "மேக், நீ சொல்."

கூடாது என்று நான் கண்ணைக் காட்டினேன். ஒரு சொல். இல்லை என்ற ஒரு சொல். திங்கட்கிழமை கடிதம்.

"நான்தான்," என்றான் மகேந்திரராஜா. "ஓடினது நானில்லை. அடிச்சது நான். ஜூன் மாசம், ரெண்டு நாள். சுகமில்லை எண்டது பொய். லிங்கை நான்தான் சொல்லச் சொன்னனான்."

டொயில் தலையை ஆட்டினார். சத்தத்தைத் திரும்பக் கூட்டினார். ஆட்டம் தொடர்ந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் ஏசினேன். "மாமன் வீட்டில ஒரு அறையில கிடக்கிறாள் உன்ர மனிசி. உனக்கு அடிச்சது ஆரெண்டதுதான் முக்கியமோ?"

"இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லை அண்ணை." எனக்கு இன்றைக்கும் அந்தப் பதில் போதாது.

திங்கட்கிழமை அவனுக்கு முன்னால் நான் ஒஃபிசுக்குப் போனேன். கொழும்பில் நடந்ததை, கப்பலை, பிள்ளையை, எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். டொயில் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "ஆறு மாதம் என்றேன். அது இன்றைக்குத் தொடங்குகிறது. நீ மெஷினை விட்டு அசிட் தொட்டிப் பக்கம் போ. இனி அவனுக்காக எதையும் பார்க்காதே."

வேலையால் நிறுத்துவார் என்று பயந்தவர்களுக்கு அதுவே பெரிது. ஆனால் ஆறு மாதம். மகேந்திரராஜா அன்றே நீலக் கடிதத்தாளில் விமலாதேவிக்கு எழுதினான். பிந்தும், என் பிழையால் பிந்தும் என்று எழுதியதாகச் சொன்னான். பதில் வர ஆறு கிழமை ஆனது. பிள்ளை கடைவாய்ப் பல்லு முளைத்துக் கடிக்கிறாள் என்றும், மாமி சோற்றுப் பானையை ஒளிக்கிறாள் என்றும் இருந்தது. பிழையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதுதான் அவனை வாட்டியது.

அதன் பிறகு ஒரு நாளும் வேலைக்கு வராமல் நிற்கவில்லை. ஒரு நிமிடம் பிந்தவில்லை. ஞாயிறுகளில் பூங்காப் பக்கம் போகவில்லை. ரீவியில் மட்டையைக் கண்டால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவான். பெப்ரவரியில், தகரக் கூரை கொதிக்கிற ஒரு நாள், மெஷினடியில் நடுங்கிக்கொண்டு நின்றான். காய்ச்சல். டொயில் வந்து பார்த்தார்.

"வீட்டுக்குப் போ."

"ஏலாது. போனால் இண்டையிலயிருந்து எண்ணுவீங்கள்."

"மெஷினுக்குள் கை போகும். போ என்கிறேன்."

"போகமாட்டன்."

டொயில் மெஷினை நிறுத்தினார். இவனைத் தோளில் பிடித்துத் தன் காருக்குக் கொண்டுபோனார். டொக்டரிடம் காட்டி, மூன்று நாளுக்கான துண்டைத் தானே வாங்கி, தானே தன் பைலில் குத்தினார். அந்த மூன்று நாளையும் எண்ணிக்கையில் கழிக்கவில்லை. ஆனால் கடிதத்தை ஒரு நாள்கூட முந்தித் தரவுமில்லை.

1978 ஏப்ரல் மூன்று, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு அவனைக் கூப்பிட்டார். நான் தொட்டிப் பக்கத்திலிருந்து கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். டொயில் கையெழுத்து வைத்தார். இவன் வாங்கினான், வாசித்தான், இன்னொருமுறை வாசித்தான். பிறகு ஒரு துண்டுத்தாள் கேட்டு வாங்கி ஏதோ எழுதி நீட்டினான். அரைநாள் லீவு.

"காரணம் எழுதவில்லையே," என்றாராம் டொயில்.

"இந்தக் கடிதத்தைக் குடிவரவுக் கந்தோரில குடுக்க."

டொயில் அதையும் பைலில் குத்திவிட்டு, என்னைக் கையால் கூப்பிட்டார். மத்தியானம் வரை மேக்கின் மெஷினை நீ பார் என்றார். நான் போய் நின்றேன். மகேந்திரராஜா ஏப்ரனைக் கழற்றக்கூட மறந்து ஸ்ரேசன் பக்கம் ஓடிக்கொண்டிருந்தான், கடிதம் கையில்.