மெர்னாவும் சக்கிமுக்கித் துப்பாக்கியும்

வாயின் ஓரத்தில் ஒரு துணித்துண்டை ஒதுக்கிக்கொண்டுதான் மெர்னா டீட்ரிக் உருளைக்கிழங்கு சீவுகிறாள், வெற்றிலை ஒதுக்கியவர்களைப் போல. ஈயக் குண்டைச் சுற்றித் துப்பாக்கிக் குழலுக்குள் இறக்க வேண்டிய துணி அது. எச்சிலில் ஊறினால்தான் வழுக்கிக்கொண்டு இறங்கும். “வாய் பழகணும்ல” என்பாள்.

“ஒரு வாரமா இவ பேசுறதுல பாதிதான் புரியுது. வீடு நல்லாருக்கு” என்பான் புருஷன் ஆர்லன்.

ஐம்பத்தாறு வயது. பென்சில்வேனியாவின் மலையடிவாரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பின்னால் கத்தும் பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே உட்கார வைத்துவிடுவாள். ஆனால் அவள் வாயை அடக்க யாராலும் ஆகாது. பேருந்தோடு பேசுவாள், பனியோடு பேசுவாள், வேகாத பீன்ஸைத் திட்டுவாள்.

ஜனவரிக் கடைசியில் தீயணைப்பு நிலையக் கொட்டகையில் ஊரே கூடிச் சாப்பிடும் மான்கறிக் குழம்பு மெர்னாவுடையது. மானும் அவள் சுட்டது, குழம்பும் அவள் வைத்தது. போன நவம்பரில் ஊர் முழுக்க ரைஃபிளோடு காட்டுக்குப் போனபோது, அவள் முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டு சோபாவில் கிடந்தாள். கொழுந்தன் ரஸ் வந்து, “என் மானைத் தர்றேன் அண்ணி” என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அது அவளுக்கு முழங்காலைவிட அதிகமாக வலித்தது.

“அடுத்தவன் சுட்ட மானுக்கு நான் கரண்டி பிடிக்கவா? போடா.”

கிறிஸ்துமஸ் முடிந்தபின் இன்னொரு வேட்டைக்காலம் பாக்கியிருந்தது. சக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிக்கிற, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய மாதிரித் துப்பாக்கிக்கு மட்டும் அதில் அனுமதி. மெர்னா அப்படி ஒன்றைத் தொட்டதுகூட இல்லை. இருந்தும் ஒரு பண்ணைவீட்டு ஏலத்தில் கைமாறி வந்த ஒன்றை வாங்கிவிட்டாள். கட்டையில் கீறல், குழலில் துரு, ஆனால் கல்லைக் கவ்வியிருக்கும் குதிரை பாதியில் இழுத்தால் பாதியிலேயே உறுதியாக நின்றது. அதுவே போதும் என்றாள்.

வீட்டில் ரஸ் முதல் வேலையாக, மருந்து கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டான். வாயோரம் கட்டைவிரலை வைத்து அடையாளம் பிடித்து, வெளியே உருவி, குழலோடு ஒட்டி வைத்து அளந்தான். நாலு விரல் குறைந்தது.

“தள்ளி நில்லுங்க அண்ணி. இது நிறைமாசம்.”

யாரோ என்றைக்கோ கெட்டித்த மருந்தும் குண்டும் உள்ளேயே கிடந்தன. “ஏலத்துல குண்டு இனாம்னு சொல்லவே இல்லையே!” என்று மெர்னாவுக்கு ஒரே சிரிப்பு. மருந்தை நன்றாக நனைத்து ஊறவிட்டு, நுனியில் திருகாணி கோத்த கோலால் குண்டை உருவினார்கள். பிறகு வெந்நீரும் சோப்புமாகக் குழலைக் கழுவ, சமையலறைத் தொட்டியில் தேநீர் நிறத்தில் தண்ணீர் ஓடியது. ஆர்லன் தன் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டான்.

ரஸ் அவளுக்குச் சொன்ன புத்தி ஒன்றே ஒன்று. “மருந்து, துணி, குண்டு. கெட்டிக்கிறப்ப மட்டும் பேச்சு வேணாம். பேசினா மருந்து மறந்துரும், வெறுங்குண்டு உள்ள போய் உக்காந்துக்கும்.”

“நான் பேசாம இருந்ததே இல்லியாடா?”

“கல்யாணத்துக்கு முந்தி எப்படியோ, தெரியாது அண்ணி.”

பொறி விழுந்து பற்றுவதற்காகக் குழலின் பக்கவாட்டில் சின்னக் கிண்ணியில் வைக்கும் மருந்து, கண்ணுக்கு அருகில் புஸ்ஸென்று எரியும்போது இமைக்காமல் இருப்பதுதான் பெரும் பாடாக இருந்தது. ஒரு புருவம் பாதி கருகியது. பேருந்தில் பிள்ளைகள் அவள்மேல் அடித்த மருந்துப் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, “மிஸ் மெர்னா, அழுகின முட்டை நாத்தம்!” என்று கூவின. “பொறுத்துக்குங்க, குழம்பு வேணும்ல?” என்றாள். இரண்டாவது வாரத்தில் ஐம்பது கஜ தூரத்துக் காகிதத் தட்டில் ஓட்டை விழுந்தது. அன்றிரவு தட்டைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள்.

வேட்டைக்காலத்தின் கடைசி நாள், கருவாலி மரச்சரிவில், பனியில், ஒரு பெட்டைமான் வந்து நின்றது. மெர்னா சுட்டாள். புகை விலகியபோது மான் அங்கேயே நின்றது. குண்டு முதுகுக்கு மேலே போயிருந்தது. சத்தம் எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் அது காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. இப்படி இரண்டாம் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? மெர்னா மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி அவசரமாகக் கெட்டிக்கத் தொடங்கினாள். வாய் சும்மா இருக்குமா?

“ஓடிராதடி கண்ணு. உன்னை நம்பித்தான் ஊரே இருக்கு. கேரட்கூட வாங்கியாச்சு.”

துணி, குண்டு, கோலால் ஒரு குத்து. குறி வைத்து விசையை இழுத்தாள். கிண்ணியில் மட்டும் புஸ். மறுபடி கிண்ணிக்கு மருந்து வைத்து இழுத்தாள். மறுபடியும் புஸ். மான் அவளை நிதானமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது: குழலில் மருந்தே போடவில்லை. எதிர்ச்சரிவில் உட்கார்ந்திருந்த ரஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

மாலையில் வேட்டைக் குடிலின் அடுப்பைச் சுற்றி ஆர்லனும் மற்ற ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். குறி தவறியவனின் சட்டையில் பின்னால் தொங்கும் வாலை வெட்டி, பெயரும் வருஷமும் எழுதிச் சுவரில் ஆணியடிப்பது அங்கே வழக்கம். ரஸ்ஸுக்கு மட்டுமே சுவரில் மூன்று வால்கள். யாருடைய வாலானாலும் கூரை அதிரச் சிரித்துக்கொண்டே வெட்டுவார்கள். அன்றைக்கு எவனும் கத்தரிக்கோலைத் தொடவில்லை. எல்லோரும் சூப்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பரவால்ல அண்ணி. என் மான் இருக்கு, எடுத்துக்குங்க” என்றான் ரஸ், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில்.

மெர்னா சுவரில் தொங்கிய வால்களையே பார்த்தாள். அவள் பேச்சற்று இருந்ததை அவர்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“எடுத்துக்கிறேன். கறி உன்னுது, குழம்பு என்னுது” என்றாள் கடைசியில். பிறகு எழுந்து, கத்தரிக்கோலை எடுத்து ரஸ்ஸின் கையில் வைத்தாள். “ஏன்டா, எழவு வீடா இது? எல்லாரும் எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க?”

“அது கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்த சட்டை, மெர்னா” என்றான் ஆர்லன் கலவரத்தோடு.

அவள் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். சட்டையின் பின்வாலைக் கால்சட்டையிலிருந்து வெளியே உருவி, இரண்டு கைகளாலும் விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.