குதிகாலால் ஓர் உதை

கல்யாணமான இரண்டாம் வருஷம் முதலியார்பேட்டை ஆலையில் நூல் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரருக்குப் பட்டணத்தில் ஒரு பிரெஞ்சுக்காரத் துரை வீட்டில் சமையல். நான் வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில்தான் அவருக்கு அடுப்படியில் வேலை அதிகம். அதனால் சாயங்காலம் நெல்லித்தோப்பில் இருந்த எங்கள் வீடு வரைக்கும் தனியாகத்தான் நடந்து வருவேன். வழியில் ஒரு தென்னந்தோப்பு. அதையொட்டிய சாராயக்கடைக்கு வரும் ஒருவன் சில நாளாக என் பின்னாலேயே வரத் தொடங்கினான். முதலில் பாட்டு, அப்புறம் பேச்சு. ஒருநாள் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டுச் சிரித்தான்.

வீட்டில் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“நான் வந்து அவன ஒரு கை பாத்துடறேன்.”

“நீங்க பாத்துட்டு வந்தா, உங்கள யாரு பாத்துக்கறது?” என்றேன். ஊதினால் பறந்துபோகிற உடம்பு அவருக்கு.

“அப்ப வேலைய வுட்டுடு.”

“வுட மாட்டேன்.”

“அப்ப நீதான் எதனா கத்துக்கணும்” என்றார், புளி வாங்கி வரச் சொல்வதுபோல.

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எனக்கு ஏற்ற ஒரு சண்டை வித்தையைத் தேடுவதே அவர் வேலையாகிவிட்டது. முதலில் வீராம்பட்டினத்திலிருந்து ஒரு சிலம்பக் கழி கொண்டுவந்து, கொல்லையில் சுற்றிக் காட்டினார். துணிக்கொடி அறுந்தது. அடுத்த சுற்றில் அவர் முழங்கையிலேயே அடி விழுந்தது. எண்ணெய் தேய்த்துவிட்டபடி, “இத எடுத்துக்கினு போனா ஆலைக்குள்ள வுடுவாங்களா?” என்று கேட்டேன். அதை அவர் யோசிக்கவே இல்லை.

அடுத்த வாரம் குஸ்தி. எதிரியின் இடுப்பை எப்படி வளைத்துப் பிடிப்பது என்று காட்டினார்.

“அவன் என்னத் தொடக்கூடாதுன்னு பாக்கறேன், நீங்க என்னயே அவனக் கட்டிப்புடிக்கச் சொல்றீங்களே!”

காது சிவந்து, கையை எடுத்துவிட்டார்.

அப்புறம் வர்மம். காதுக்குப் பின்னால் ஓரிடத்தில் விரலால் அழுத்தினால் ஆள் சுருண்டுவிடுவானாம். தன் காதிலேயே அழுத்தி அழுத்தி அந்த இடத்தைத் தேடினார். “நான் தேடற வரைக்கும் அவன் நின்னு குடுப்பானா?” என்றேன்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரை போய் வந்த சொல்தா, பழைய சிப்பாய். சிரிப்பை அடக்க முடியாமல், மனைவியையும் கூட்டிக்கொண்டு எங்கள் கொல்லைக்கே வந்துவிட்டார். பட்டாளத்தில் காலால் உதைக்கிற சண்டையும் சொல்லிக்கொடுத்தார்களாம்.

“சீலையோட காலத் தூக்க முடியாது தங்கச்சி. தூக்கவும் வேணாம். முழங்காலுக்குக் கீழ முன் எலும்பு இருக்குதே, அங்க சதயே கெடையாது. குதிகாலால ஒண்ணு குடு. குடுத்துட்டு ஓடு. நின்னு பாக்காத.”

எவனாவது கையைப் பிடித்தால் அவன் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி உருவுவதையும், தன் மனைவியை என் கையைப் பிடிக்கச் சொல்லிக் காட்டினார். கழியும் வேண்டாம், எவனையும் கட்டிப்பிடிக்கவும் வேண்டாம். எனக்கு இதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

உதை வாங்க ஆள் வேண்டுமே. என் வீட்டுக்காரர் காலில் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு தானே வந்து நின்றார். “இன்னும் பலமா, இன்னும் பலமா” என்பார். உதைத்ததும் “அம்மாடி” என்று உட்கார்ந்துவிடுவார். நொண்டுவதைப் பார்த்துத் துரையின் மனைவி, அந்தத் துரைசானி, கேட்டபோது, வீட்டு மாடு உதைத்துவிட்டதாகச் சொன்னாராம். எங்கள் வீட்டில் மாடு ஏது!

மழைக்கால ஆரம்பத்தில் ஒரு சாயங்காலம், தோப்பு ஓரத்தில் அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். கை தானாகத் திரும்பி உருவிக்கொண்டது, காலும் தானாகப் போனது. “ஐயோ” என்று காலைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டான். ஓடினேன். வீட்டுப் பக்கம் இல்லை. பட்டணத்துப் பக்கம், நேராகத் துரை வீட்டுக் கொல்லைக் கதவுக்கு.

அவர் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தார். அதுவரை அந்த அடுப்படிக்குள் நான் போனதே இல்லை.

“என்னா? என்னா ஆச்சி?”

“ஒதச்சிட்டேன்.”

கரண்டியைக் கீழே வைத்தார். “எந்தக் கால்ல?”

“வலது.”

என்னை முக்காலியில் உட்காரவைத்து, தரையில் குந்தி, என் பாதத்தைக் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒனக்கு வலிக்குதா?” என்று கேட்டார். அதுவரை வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. அடுப்பில் இருந்தது அடிப்பிடித்து நாறும் வரைக்கும் இருவரும் கவனிக்கவில்லை. புதிதாகச் செய்ய நேரம் இல்லை. தீயாத பாகத்தை எடுத்து, தக்காளியை வதக்கிச் சேர்த்துச் சமாளித்தார். துரைசானி அதை நன்றாயிருக்கிறதென்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம்.

அவன் அந்த வழியில் மறுபடி வரவில்லை. விஷயம் தெரிந்து, நூல் சுற்றும் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆலைக்குப் பின்னால், புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி உதைத்துச் சிரித்துச் சிரித்தே கற்றுக்கொண்டோம். அவர்களில் இரண்டு பேர் அதுவரை அவனுக்குப் பயந்து வேறு வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தவர்கள். அப்புறம் அவர்களும் என்னோடு தோப்பு வழியாகவே வந்தார்கள்.