பொன்னழகு கிராசிங்கைக் கடக்கிறாள்

விடியும் முன் அம்மா மொபெட்டின் கிக்கரை மிதிக்கும் ஓசையில் ஆனந்தி விழித்துவிடுவாள். முதல் மிதியில் வண்டி எடுக்காது. அடுத்த மிதியிலும் எடுக்கக் கூடாது என்று போர்வைக்குள் கிடந்தபடியே வேண்டிக்கொள்வாள். எடுத்துவிடும். சத்தம் தெருமுனைக் கடைவரை போய், அங்கே கொஞ்சம் நின்று, பிறகு நெடுஞ்சாலைப் பக்கம் தேயும். அதற்குமேல் அவள் உடம்பில் காது மட்டும்தான் உயிரோடு இருக்கும். பிரேக் கிறீச்சிட்டதா? ஹாரன் வழக்கத்தைவிட நீண்டதா? பள்ளிக்கூடத்தில் அம்மாவோடு சமைக்கும் மகேஸ்வரி சித்தி, "வந்துருச்சு" என்று ஒரு சொல் செய்தி அனுப்புவாள். அது அம்மாவுக்குத் தெரியாத ஏற்பாடு. செல்பேசி அதிர்ந்தபின்தான் ஆனந்தி எழுந்து பல் துலக்குவாள்.

வீடு நான்கு வழிச் சாலைக்குக் கிழக்கே, சிறுமலை அடிவாரத்து ஊரில் இருக்கிறது. பள்ளிக்கூடம் மேற்கே. நடுவில், சாலைத் தடுப்பை உடைத்து விட்டிருக்கும் இடைவெளிக்குக் கிராசிங் என்று பெயர். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகிறவர்களுக்கு அது கண்ணிலேயே படாது. ஊர்க்காரர்களுக்குக் கடைக்கும் காட்டுக்கும் ரேஷனுக்கும் அதுதான் வழி. போன மாசியில், பொழுது சாயும் நேரத்தில், அதே இடத்தில், இந்த மொபெட்டில் வந்த அப்பா மூக்கையா கார் மோதி இறந்தார். மொபெட்டுக்குப் பின்சக்கரம் நெளிந்ததோடு சரி.

காவல் நிலையத்திலிருந்து வண்டி திரும்பி வந்த அன்று, விற்றுவிடலாம் என்றாள் ஆனந்தி. பொன்னழகு வண்டியைச் சுற்றி வந்தாள். சீட்டில் கைவைத்துப் பார்த்தாள். நத்தத்தில் மாந்தோப்புக் குத்தகைக்காரர் வீட்டில் பிறந்து, மணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டு வண்டிகளின் பின்சீட்டில் மட்டுமே உட்கார்ந்தவள். ஹேண்டில்பாரை அவள் தொட்டது துடைப்பதற்காக மட்டும்தான்.

தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள்தான் பழகினாள். மகேஸ்வரி பின்னாலேயே ஓடினாள்.

"யக்கா, ஆக்சிலேட்டர முறுக்காதீக! கோழிக் கழுத்தா அது?"

"பிரேக்கு எங்கிட்டுடி இருக்கு?"

"ஒங்க கையிலதான் இருக்கு!"

"ரெண்டு கையிலயும் என்னென்னமோ இருக்கே!"

கருவேல முள்ளுக்குள் விழுந்தாள். முதுகில் தைத்த முள்ளை அன்று ராத்திரி ஆனந்திதான் எடுத்தாள். அம்மா சிரித்தாள். அப்பா போனபின் அவள் சிரித்தது அன்றுதான். ஆனந்திக்குச் சிரிப்பு வரவில்லை.

நூற்பாலையில் ஆனந்தி பராமரிப்புப் பிரிவில் இருக்கிறாள். கருவியியல் டிப்ளமோ. இயந்திரத்தின் மூடி திறந்திருந்தால் இயந்திரம் ஓடக் கூடாது. மூடியில் ஒரு சென்சார் இருக்கும், அது மின்சுற்றைத் துண்டித்துவிடும். அந்தச் சென்சார்களைப் பார்ப்பதுதான் அவள் வேலை. விரல் உள்ளே போகும் முன் எல்லாம் நின்றுவிட வேண்டும். அவள் படிப்பு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

அப்பா இறந்த சில மாதங்களில் தொலைநிலைக் கல்வியில் தத்துவம் சேர்ந்தாள். ஞானம் வேண்டியிருக்கவில்லை; தலைவலிக்கு மாத்திரை தேடுகிறவள்போலத் தேடிப் போனாள். பாடத்தில் ஸ்டோயிக்குகள் என்ற பழைய கிரேக்கத் தத்துவவாதிகள் வந்தார்கள். உலகத்தை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, நம் கையில் இருப்பவை: நம் கணிப்பு, விருப்பம், மறுப்பு. மற்றது, நம் கையில் இல்லாதவை: உடம்பு, உடைமை, பிறர் உயிர். முதலாவதை மட்டும் பிடித்துக்கொள். மற்றதை வருகிறபடி ஏற்றுக்கொள். ஆனந்திக்கு இது உடனே பிடித்தது. மின்சுற்றுப் படம்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுந்து கேட்டாள்.

"சார், பயம் எந்தப் பக்கம் வரும்?"

"பயம் நம்ம கணிப்புலேர்ந்து வருதும்மா. கணிப்பு நம்ம கையில. அப்ப பயமும் நம்ம கையிலதான்."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் சார் கைய விட்டு ஓடுது?"

வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். அவள் உட்கார்ந்தாள்.

இன்னொரு பயிற்சியும் பாடத்தில் இருந்தது. பிரியமானவர்களைப் பார்க்கும்போது, இவர்கள் ஒரு நாள் இருக்கமாட்டார்கள் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போது இழப்பு திடீரென்று வந்து அடிக்காதாம். ஆனந்தி முயன்றாள். அடுப்படியில் அம்மா தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஆனந்தி அவள் முகத்தையே பார்த்தாள். இந்த நெற்றி, இந்த மூக்குத்தி, வெந்த மாவைச் சுரண்டும் இந்தக் கை.

"என்னடி, பொணத்தப் பாக்குற மாதிரி பாக்குற?" என்றாள் பொன்னழகு.

ஆனந்தி தட்டை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். அதோடு அந்தப் பயிற்சி முடிந்தது.

கார்த்திகை பிறந்ததும் இருட்டு கூடியது. மலையிலிருந்து பனி இறங்கி சாலைமேல் படுத்தது. அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து தெற்கே போகும் ஆம்னி பஸ்கள், தாமதத்தை ஈடுகட்டப் பறந்து வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைக்கும் மகளிர் குழுவில் பொன்னழகு இருந்தாள். விடியும் முன் அடுப்பு பற்றியாக வேண்டும்.

"ஆட்டோ வச்சுக்கம்மா."

"அந்நேரத்துக்கு எவன் வருவான்? வந்தாலும் அவனும் அந்த ரோட்டத்தான தாண்டணும். பறந்தா போவான்?"

"அப்ப வேலைய விடு. எஞ்சம்பளம் போதும்."

"நீ எனக்குச் சோறு போடுவ. நான் யாருக்குப் போட?"

"அம்மா..."

"அம்புட்டு அக்கறன்னா நீயே கொண்டாந்து விடு. ஒன் ஸ்கூட்டரு எலி கூடு கட்டிக் கெடக்கு."

மாசியிலிருந்து ஆனந்தி ஸ்கூட்டரைத் தொடவில்லை. ஆலை வேன் ஊருக்குள் வந்து ஏற்றிக்கொள்கிறது. வேன் கிராசிங்கைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்வாள்.

மறுநாள் சாயங்காலம், அம்மா குளிக்கப் போயிருந்தபோது, ஆனந்தி மொபெட்டின் முன் குத்தவைத்து உட்கார்ந்தாள். அம்மா உயிர் என் கையில் இல்லை, சரி. சாலை என் கையில் இல்லை, சரி. ஆனால் இந்த வண்டி இதோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இதைக் கையில் இல்லாதவற்றின் பட்டியலிலிருந்து கையில் இருப்பவற்றின் பட்டியலுக்கு மாற்றினால் என்ன? இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் ஒயரின் நுனியில், பிளக்கின் தலையைக் கவ்வியபடி ஒரு ரப்பர் மூடி இருக்கும். பிளக் கேப். அதை முழுதாகக் கழற்றினால் தொங்கும், அம்மா பார்த்துவிடுவாள். பாதி தூக்கிவிட்டாள். தொடர்பு விட்டுப்போகும், பார்வைக்குத் தெரியாது. மிதித்து மிதித்து ஓய்ந்து அம்மா வீட்டுக்குள் வந்துவிடுவாள்.

அன்று அவள் நன்றாகத் தூங்கினாள்.

விடிகாலையில் கிக்கர் ஓசை. ஒன்று. இரண்டு. மூன்று. ஆனந்தி போர்வைக்குள் புன்னகைத்தாள். நான்காவது மிதியில் வண்டி எடுத்தது.

எழுந்து உட்கார்ந்தாள். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பொறி இடைவெளியைத் தாண்டும். சின்ன இடைவெளி என்றால் காற்றிலேயே தாவும். முதல் வருடப் பாடம். வண்டி ஓடும், முதல் குலுக்கல்வரை. குலுங்கினால் கேப் கழன்றுவிடும். எங்கே குலுங்கும்? மண்சாலை தார்ச்சாலையில் ஏறும் விளிம்பில், ஒரு சாண் மேடு.

அம்மாவின் எண்ணை அழுத்தினாள். அடுப்படி அலமாரியில் மணி அடித்தது. போனை மறந்துவிட்டுப் போயிருந்தாள்.

செருப்பில்லாமல் ஓடினாள். தெருமுனைக் கடையில் அம்மா காய்கறி மூட்டையை ஏற்றுவது வழக்கம். அந்த நேரம் போதும், பிடித்துவிடலாம். கடைக்காரர் இஷாக் பாய் சாக்கை மடித்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான்மா போறாங்க, என்ன விஷயம்?"

நின்று சொல்ல மூச்சில்லை. மண்சாலையின் முடிவில் அம்மாவின் பின்விளக்கு சிவப்பாகத் தெரிந்தது. நின்றிருந்தது. பஸ்கள் போகக் காத்திருக்கிறாள்.

"அம்மா! போகாத! அம்மோவ்!"

ஹெல்மெட்டுக்குள் எதுவும் கேட்டிருக்காது. சிவப்பு விளக்கு நகர்ந்தது. மேட்டில் ஏறிக் குலுங்கியது. சாலைக்குள் போனது. இன்ஜின் ஒருமுறை இருமியது.

விளக்கு அணைந்தது.

பழைய வண்டி. இன்ஜின் நின்றால் விளக்கும் நின்றுவிடும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சாயங்காலம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. சாலையின் நடுவில் இப்போது அம்மா வெளிச்சம் இல்லாத ஒரு இருட்டுத் துண்டு.

திண்டுக்கல் பக்கமிருந்து இரண்டு வெள்ளைக் கண்கள் வந்தன. அந்த வெளிச்சத்தில் அம்மா தெரிந்தாள். இறங்கிவிட்டாள். மூட்டையோடு வண்டியைத் தள்ளுகிறாள். முந்தானை பறந்தது. ஹாரன் அலறியது. பஸ் ஒரு பக்கம் சாய்ந்து விலகியது. அதன் நீளம் முழுவதும் ஆனந்தியின் கண்முன் ஓடி முடிவதற்குள் அவள் அம்மா செத்தாள், பிழைத்தாள், செத்தாள். ஒத்திகை எதுவும் உதவவில்லை.

பஸ் போனபின் இருட்டு. அப்புறம் ஒரு லாரியின் வெளிச்சத்தில், நடுத்தடுப்பின் இடைவெளியில், வண்டியைப் பிடித்தபடி ஓர் உருவம்.

செல்பேசி டார்ச்சைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆனந்தி பாதிச் சாலையைக் கடந்தாள். எப்படிக் கடந்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"ஏன்டி ஓடியார? செருப்பக் காணோம்? வீட்டுல என்ன?"

ஆனந்தி குனிந்தாள். கை நேராகப் பிளக்குக்குப் போனது. தொங்கிய கேப்பைப் பிடித்து அழுத்தினாள். டக் என்று உட்கார்ந்தது.

பொன்னழகு ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"தேடாமலே எடுத்துட்ட."

ஒரு லாரி போனது. அம்மாவின் சேலையும் மகளின் சுடிதாரும் ஒரே பக்கம் பறந்தன.

"நீயா பண்ணுன?"

"ஸ்டார்ட் ஆவாதுன்னு நெனச்சேம்மா. நீ வீட்டுலயே இருப்பன்னு..."

அறை விழும் என்று நினைத்தாள். விழவில்லை. அம்மாவின் கை கைப்பிடியை விடவில்லை.

"ஒங்கப்பன எவனோ ஊர் பேர் தெரியாதவன் அடிச்சான். என்னய நீ அடிக்கப் பாத்தியா?"

"பயம்மா. பயத்துலதான்."

"எனக்கு மட்டும் இல்லயா? தெனமும் இந்த எடத்துக்கு வந்தா எனக்கு மூத்திரம் முட்டுதுடி. அவரு கெடந்த எடம் அந்தா. பாக்காமயா போறேன்?" குரல் அதட்டலாயிற்று. "சரி, மிதி. எனக்குக் கால் நிக்கல. புள்ளைக வந்துரும்."

ஆனந்தி மிதித்தாள். முதல் மிதியில் எடுத்தது. விளக்கு வந்தது.

"ஏறு."

"நான் ஓட்டவா?"

"நீ ஏறு."

பின்சீட்டில் உட்கார்ந்தாள். மறுபாதிச் சாலை பாக்கி இருந்தது. மதுரைப் பக்கமிருந்து வெளிச்சங்கள் வந்தபடி இருந்தன. அம்மாவின் விலா எலும்பு ஆனந்தியின் கைக்குள் ஏறி இறங்கியது. கண்ணை மூடிக்கொள்ள ஆசையாக இருந்தது. இந்தமுறை மூடினால் அம்மா தனியாகத்தான் பார்த்தாக வேண்டும். மூடவில்லை. வண்டி பாய்ந்தது.

அடுப்பு தாமதமாகத்தான் பற்றியது. ஆனந்தி ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். பொன்னழகு அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"என்ன யக்கா, ஆத்தாளும் மகளும் பேசாமடந்தையா இருக்கீக?" என்றாள் மகேஸ்வரி.

"ஒண்ணுமில்ல. வண்டி நடுவுல நின்னுபோச்சு. நீ ரவையக் கிண்டு, அடிபிடிக்குது."

அதற்குமேல் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபோது வெயில் ஏறியிருந்தது. பொன்னழகு வண்டிக்குப் போனாள். குனிந்து, பிளக் கேப்பைத் தன் விரலால் அழுத்திப் பார்த்தாள். ஆனந்தி பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தும் பார்த்தாள். பிறகு டயரை அழுத்தினாள், பிரேக்கைப் பிடித்து விட்டாள்.

"நீ நடந்து வா," என்றாள். கிளம்பிவிட்டாள்.

ஆனந்தி பின்னாலேயே நடந்தாள். மகேஸ்வரியின் செருப்பு காலுக்குப் பெரிது. சாலை விளிம்பை அடைந்தபோது மொபெட் இன்னும் அங்கேதான் நின்றது, காத்துக்கொண்டு. கூப்பிடலாம். ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கலாம். கை அரித்தது. இரண்டு கையையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துக்கொண்டாள். பயம் அப்படியே இருந்தது. எந்தத் தத்துவமும் அதைத் தொடவில்லை.

ஒரு இடைவெளி கிடைத்தது. பொன்னழகு நடுத்தடுப்புவரை போனாள். நின்றாள். மூக்கையா விழுந்த இடத்தை ஒருமுறை பார்த்தாள். ஒரு கார், ஒரு பஸ், இரண்டு லாரி. பிறகு மறுபாதியையும் கடந்தாள். மண்சாலையில் இறங்கியதும் வண்டி ஓரமாக நின்றது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. இன்ஜினை அணைக்கவும் இல்லை. புகை மெல்ல வந்துகொண்டிருந்தது.

ஆனந்தி வலப்பக்கம் பார்த்தாள். தூரத்தில் ஒரு லாரி. போகட்டும் என்று நின்றாள். போனது. காலை எடுத்துத் தார்மேல் வைத்தாள்.