பின் இருக்கைக்கு ஒரு நேர்த்தி

என் அத்தான் ஒஸ்வால்டோடு பேலியகொடைக்கு மீன் வாங்கப் போகிறவனுக்கு நிறையப் பொறுமை வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார், வயிற்றை விரலால் அழுத்திப் பார்ப்பார், பிறகு ஒன்றும் வாங்காமல் அடுத்த கடைக்கு நடப்பார். அப்படிப்பட்ட மனிதர், ராடர் வேலை செய்யாத ஒரு போர் விமானத்துக்கு முழுக் காசையும் முன்கூட்டியே கட்டினார் என்றால் யார் நம்புவார்கள்? கட்டினார். அதுவும் ஒன்றுக்கல்ல, மூன்றுக்கு.

விமானம் என்றால் கொம்பியூட்டரில் ஓட்டுகிற விமானம்தான். ஆட்டம் இலவசம், விமானங்களைத் தனித்தனியாக வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மொடியூல் என்று பெயர். அதைச் செய்கிற கொம்பனிக்காரர்கள் விமானம் பாதி முடிந்ததுமே விற்கத் தொடங்கிவிடுவார்கள். மிச்சம் எப்போது வரும் என்று கேட்டால் "விரைவில்" என்பார்கள். அத்தானின் முதல் விமானத்துக்கு ராடர் விரைவில் வரும். இரண்டாவதில் சக்கரங்கள் உள்ளே போகும், சில நாட்களில் வெளியே வராது. அதுவும் விரைவில் சரியாகும். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே இரத்தம் கொதிக்கும். வெள்ளவத்தையில் கட்டி முடியாத அடுக்குமாடிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மழைக்குள் தூணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

"ஆக்கப் பொறுத்தனாங்கள், ஆறப் பொறுக்கேலாதோ ரெனால்ட்?" என்பார் அத்தான்.

"அவங்கள் இன்னும் உலையே வைக்கேல்லை அத்தான்" என்பேன் நான்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கீழே அக்கா பிறிஜெற்றும் அத்தானும், மேலே நான். அத்தான் துறைமுகத்தில் கன்டைனர் தூக்கும் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிரேனின் உச்சியில் ஒரு சின்ன அறை, காலுக்கடியில் கண்ணாடி. அதற்குள் குனிந்தபடியே வேலைக்காலம் முழுவதையும் கழித்தார். இறங்கி வந்த பிறகு தரையில் அவருக்குப் பொழுது போகவில்லை. கூட வேலை செய்த றொஹான்தான் இந்த விமான ஆட்டத்தை அவருக்குக் காட்டினான். முதல் தடவை மேலே ஏறிக் கீழே பார்த்தபோது, வீட்டுக்கு வந்தது போல இருந்தது என்றார்.

மூன்றாவது விமானத்தை வாங்கியதற்குக் காரணம் வேறு. அது இரண்டு இருக்கை உள்ளது. முன்னால் ஓட்டி, பின்னால் இன்னொருவர். பின்னால் இருப்பவர் காசு கட்டத் தேவையில்லை, இன்னொரு கொம்பியூட்டரிலிருந்து வந்து ஏறலாம் என்று கொம்பனி அறிவித்தது. அந்த இருக்கையும் விரைவில்தான் வரும். அத்தான் அன்றைக்கே வாங்கிவிட்டார். அவர் பின்னால் வைத்துக்கொள்ள நினைத்தது என் அக்காவை.

துறைமுகத்தில் முன்பு ஒரு நாள் குடும்பத்தினரை அழைத்துப் போய்க் காட்டினார்கள். அத்தான் அக்காவைக் கிரேன் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். அக்கா அண்ணாந்து பார்த்தாள். அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லித் திரும்பி நடந்தாள். அடுப்பில் பருப்பு இல்லை என்பது அத்தானுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவர் மனதில் அது ஒரு குறை. தான் பார்த்ததை அவளும் ஒரு தடவை மேலிருந்து பார்க்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

"அவங்கள் அந்தச் சீட்டை முடிச்சுத் தரட்டும், ஏறுறன்" என்று அக்கா வாக்குக் கொடுத்தாள். அது எந்தக் காலத்திலும் நடக்காது என்ற துணிவு.

அத்தானோ நேரே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய், சீட் வந்தால் ஒரு கட்டு மெழுகுதிரி கொளுத்துகிறேன் என்று நேர்த்தி வைத்துவிட்டு வந்தார். அக்காவுக்கு வாய்க்கு வசதியாகப் போயிற்று.

"அந்தோனியாருக்கே வேலை முடிஞ்ச பிறகுதான் மெழுகுதிரி. நீங்க அந்தக் கொம்பனிக்கு மட்டும் முன்னாலேயே குடுத்திட்டீங்க. அவங்கள் என்ன, அந்தோனியாரிலயும் பெரிய ஆக்களோ?"

மாதங்கள் போயின. அப்டேற் வரும், மேகம் அழகாகும், வாலில் புது வர்ணம் வரும், பின் இருக்கை மட்டும் வராது. இதற்கிடையில் வெட்கமே இல்லாமல் நாலாவது விமானத்துக்கும் விளம்பரம் போட்டார்கள். நான் கொம்பனிக்கு ஆங்கிலத்தில் காரமாக ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் பொறுமைக்கு நன்றி என்று பதில் வந்தது. எனக்கு எங்கே பொறுமை இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோழிக்கறியோடு மத்தியானச் சாப்பாடும் முடிந்த நேரம் றொஹான் போன் எடுத்தான். "ஒஸ்வால்ட் அய்யே, சீட் எக்க ஆவா" என்று அவன் சிங்களத்தில் கத்தியது எனக்கே கேட்டது. சீட் வந்துவிட்டதாம். அத்தான் கை கழுவிய ஈரத்தைத் துடைக்காமலே என் லப்டொப்பைக் கீழே கொண்டுவரச் சொன்னார். அக்கா குசினி வாசலில் நின்றாள். தப்ப வழியில்லை. வாக்கு வாக்குத்தான். செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து லப்டொப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

விமானம் எழும்பும்போது கண்ணை மூடிக்கொண்டு மேசையைப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணைத் திறந்தாள். முன்னால் இருந்த பொத்தான்களைப் பார்த்தாள், ஒன்றை அமத்தினாள், இன்னொன்றை அமத்தினாள்.

"இதென்ன, ஒண்டும் வேலை செய்யேல்லையே."

அத்தானின் முகம் விழுந்துவிட்டது. "அது... அடுத்த அப்டேற்றில வரும்" என்றார் மெதுவாக.

ஆள் இருக்கலாம், பார்க்கலாம், ஒன்றும் செய்ய முடியாது. பாதி இருக்கை. முடித்துத் தந்தால்தான் ஏறுவேன் என்று சொன்னவளுக்கு எழும்பிப் போக எல்லா நியாயமும் இருந்தது. என் அக்கா கறிவேப்பிலை ஒரு இணுக்குக் குறைந்தாலும் கடைக்குத் திரும்பிப் போய்ச் சண்டை பிடிப்பவள். இப்போது எழும்புவாள் என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் பார்க்கத்தானே வந்தனான். அமத்த வரேல்லையே. ஓட்டுங்க" என்றாள்.

அத்தான் விமானத்தை மெல்லச் சாய்த்தார். கீழே கடல் வந்தது, ஏதோ ஒரு நாட்டுத் துறைமுகம் வந்தது. தீப்பெட்டிகளை அடுக்கியது போலக் கப்பல்கள்.

"இப்பிடியோ தெரிஞ்சது உங்களுக்கு?"

"கொஞ்சம் பதிவா, இவ்வளவு உயரமில்லை. ஆனா இப்பிடித்தான்."

"ஒவ்வொரு நாளும்?"

"ஓம்."

"தனியாவோ இருந்தனீங்க?"

"தனியாத்தான். பேச ஆளில்லை, வயர்லஸ் மட்டும்."

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் தேத்தண்ணி போடப் போகிறேன் என்று குசினிக்குள் போய் நின்றேன். நான் திரும்பி வந்தபோது அத்தான் விமானத்தைத் தரைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். கன்டைனரை லொறியில் வைப்பது போல, ஒரு குலுக்கம் இல்லாமல் வைத்தார். அக்கா கண்ணைத் திறந்துகொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மூவரும் கொச்சிக்கடைக்குப் போனோம். சனம் நிறைந்த நாள். அத்தான் மெழுகுதிரிக் கட்டைப் பிரித்து இரண்டு பங்காக்கினார், ஒன்றைக் கொளுத்தி நட்டார், மற்றதைக் கையில் வைத்துக்கொண்டார்.

"சீட் பாதிதானே வந்தது. அரைவாசி இப்ப, மிச்சம் முடிச்சுத் தந்த பிறகு. நீ சொல்ற கணக்குத்தான்" என்றார். அக்காவைச் சந்தோசப்படுத்துவதாக நினைப்பு.

அக்கா அந்த மற்றப் பங்கை அவர் கையிலிருந்து வாங்கினாள். ஒவ்வொன்றாகக் கொளுத்தி, எரிகிறவற்றுக்குப் பக்கத்தில் நட்டாள்.

"மிச்சம் அட்வான்ஸா இருக்கட்டும்" என்றாள்.

கடைசித் திரி காற்றில் அணையப் பார்த்தபோது அத்தான் குனிந்து இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்தார். வீட்டுக்குத் திரும்பும்போது திரீவீலுக்குள் அக்கா, அந்த நாலாவது விமானத்துக்குப் பின் சீட் இருக்கிறதோ என்று விசாரித்தாள்.